சுத்துக்கேணிப் பொன்னும் சுற்றி நின்ற கற்களும்

பாரிஸ் நகரில், இயேனா சதுக்கத்தில், கிமே அருங்காட்சியகம் இருக்கிறது. எமில் கிமே என்ற லியோன் நகரத்துத் தொழிலதிபர் சேர்த்த ஆசியக் கலைப்பொருள்களுக்காக 1889இல் திறக்கப்பட்டது. கம்போடியச் சிலைகளைப் பார்க்க உலகமே அங்கே போகிறது. அதே அருங்காட்சியகத்தின் இந்தியச் சேகரிப்பில் பழங்காலப் பொன் நகைகள் கொஞ்சம் உண்டு. அவை கிடைத்த ஊரின் பெயர் சுத்துக்கேணி.

புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த ஊரைத் தெரியும். ஊசுட்டேரியைத் தாண்டி, மண்ணாடிப்பட்டு கொம்யூனில், சங்கராபரணி ஆற்றை ஒட்டிய கிராமம். அந்த ஆற்றைச் செஞ்சியாறு என்றும் சொல்வோம். கரும்பும் நெல்லும் விளைகிற பூமி. அங்கிருந்து பாரிஸுக்குப் பொன் போன கதை ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான். அந்த நகைகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் நகையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பொன் தனியாகக் கிடைத்த பொருள் அல்ல. அது ஒரு கல்லறையின் உள்ளிருந்து வந்தது. கல், மண், இரும்பு, எலும்பு, பொன் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கல்லறை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போய்விட்டது. அந்தப் பயணத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் கல்.

புதுச்சேரிக்கு வடக்கிலும் மேற்கிலும் நிலம் மேடேறும்போது மண் சிவக்கிறது. அந்தச் செம்மண்ணுக்குள் செம்புறாங்கல் படுகை படுகையாகக் கிடக்கிறது. வெட்டி எடுக்கும்போது சற்று மென்மையாக இருக்கும், காற்றும் வெயிலும் படப்பட இறுகிவிடும். இரும்புக் காலத்து மனிதர்கள் அந்தக் கற்பாளங்களைப் புரட்டி, உருட்டி, நாலைந்து பேராகச் சுமந்து ஓரிடத்தில் கொண்டுவந்து வட்டமாக நிறுத்தினார்கள். அதைக் கல்வட்டம் என்கிறோம். உள்ளே சிறு கற்களைக் குவித்திருந்தால் கற்குவை. நெற்பயிருக்கு உதவாத மேட்டு நிலத்தைத்தான் பெரும்பாலும் இதற்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏரிப்பாசன வயலை இறந்தவருக்குக் கொடுத்து வீணாக்கவில்லை. ஊர் ஒரு பக்கம், விளைநிலம் ஒரு பக்கம், ஈமக்காடு ஒரு பக்கம் என்று அன்றே பிரித்து வைத்திருந்தார்கள். இன்றைக்கும் நம் கிராமங்களின் அமைப்பு அதுதான்.

கல்வட்டத்துக்கு அடியில் குழி. குழிக்குள் தாழி, அல்லது சுடுமண் ஈமப்பேழை. செங்கல்பட்டு, விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்துக்கு இந்த ஈமப்பேழை ஒரு தனி அடையாளம். 1887இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ ஒன்றைக் கண்டெடுத்து எழுதிய பிறகுதான் அறிஞர் உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. நீளமான தொட்டி, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள், மேலே வளைந்த மூடி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இத்தகைய பேழையின் அருகே நின்று பார்த்தால், செய்த குயவரின் விரல் அழுத்தம் களிமண்ணில் இன்னும் தெரியும். கால்கள் தனியாகச் செய்யப்பட்டு, ஈரம் உலர்வதற்குள் தொட்டியின் அடியில் ஒட்டப்பட்டவை. ஒட்டிய இடத்தில் மண்ணை இழுத்துத் தேய்த்த வரி இருக்கும். ஆள் நீளத்துக்கு ஒரு மண் தொட்டியை விரிசல் விழாமல் உலர்த்தி, சூளையில் சுட்டு எடுப்பது இன்றைக்கும் எளிய வேலை இல்லை. ஆந்திரத்தில் சங்கவரம் என்ற ஊரில் ஆட்டுக்கடா வடிவத்திலேயே ஒரு பேழை கிடைத்திருக்கிறது. அதுவும் சென்னைக்கு வந்தது.

பேழைக்குள் பெரும்பாலும் முழு உடலை வைக்கவில்லை. உடலை வெளியில் விட்டு, தசை நீங்கிய பின் எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்த குழிகளே அதிகம். ஒரே குழியில் பலருடைய எலும்புகள் இருப்பதும் உண்டு. கூடவே கருப்பு சிவப்புப் பானைகள். இந்தப் பானையைக் கையில் எடுத்தால் உட்புறமும் விளிம்பும் கன்னங்கரேலென்று மின்னும், வெளிப்புறத்தின் கீழ்ப்பாதி நல்ல சிவப்பாக இருக்கும். இரண்டு வண்ணம் பூசியதல்ல. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்தது என்பது பரவலான விளக்கம். காற்றுப் புகாத உட்புறம் கருத்தது, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. அதோடு இரும்புக் கத்தி, ஈட்டி முனை, கோடரி, சில குழிகளில் சூதுபவள மணி. இறந்தவர் போகிற இடத்தில் வேண்டியிருக்கும் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள்.

தாழியின் மீது நம் முன்னோர் எவ்வளவு உணர்வு வைத்திருந்தார்கள் என்பதற்குப் புறநானூறு சாட்சி. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தன்னையும் உள்ளே கொள்ளும்படித் தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவரிடம் கேட்கிறாள். மணிமேகலை இறந்தவரை அடக்கம் செய்யும் ஐந்து முறைகளைச் சொல்லி, தாழியில் கவிப்பதையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறது. ஆகவே சுத்துக்கேணிக் குழிகளை அமைத்தவர்களை ஏதோ அந்நியக் கூட்டமாக நினைக்க வேண்டியதில்லை. சங்கப் புலவர்கள் நேரில் கண்ட வழக்கத்தின் முந்தைய தலைமுறைகள் அவர்கள்.

இனி பொன். இந்த மண்ணில் பொன் விளைவதில்லை. கடலோரப் படிவு நிலம் இது. எங்கிருந்தோ, யார் கையிலிருந்தோ, பண்டமாற்றில் அது சுத்துக்கேணிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்த வழி என்று ஊகிக்க ஆற்றைப் பார்த்தால் போதும். சுத்துக்கேணி வழியாக வரும் சங்கராபரணி, வில்லியனூரைக் கடந்து கடலை நோக்கிப் போகிறது. அதன் கிளைதான் அரியாங்குப்பத்து ஆறு. அந்தக் கிளையின் கரையில், கடலுக்கு மிக அருகில் அரிக்கமேடு. மணி செய்தவர்களும், மெல்லிய பானைகளை இறக்கியவர்களும், மேற்குக் கடலிலிருந்து வந்த மது ஜாடிகளை வாங்கியவர்களும் இருந்த துறைமுகம். மேட்டில் கல்லறை, முகத்துவாரத்தில் துறைமுகம், இடையில் ஒரே ஆறு. அந்தக் காலத்தில் இந்த ஆற்றங்கரையில் செல்வம் புழங்கியதற்கு அரிக்கமேடு ஒரு சாட்சி என்றால், குழிக்குள் வைத்த பொன் இன்னொரு சாட்சி. ஒரு குடும்பம் தன் பொன்னை விற்காமல், பேரப்பிள்ளைக்கும் கொடுக்காமல், மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறது. அந்தத் துணிவுக்கு எவ்வளவு செழிப்பும் எவ்வளவு பாசமும் வேண்டும்!

மூடிய பிறகு, சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தப் பொன் அசையவில்லை. மேலே இருந்த உலகம் அசைந்தது. பல்லவர் வந்தார்கள், சோழர் வந்தார்கள், செஞ்சி நாயக்கர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். கல்வட்டத்தைப் பற்றிய பழைய நினைவு அழிந்து, அதன் இடத்தில் கதைகள் முளைத்தன. தமிழ்நாடு முழுவதும் இத்தகைய இடங்களைப் பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று சொல்வார்கள். முன்காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராது, வயதாக ஆகச் சுருங்கிப்போவார்கள், அவர்களைத் தாழியில் வைத்து விளக்கும் உணவும் கொடுத்து மூடிவிடுவார்கள் என்று என் பாட்டி தலைமுறை சொன்ன கதை உங்கள் வீட்டிலும் சொல்லப்பட்டிருக்கும். இந்தியப் பெருங்கற்காலச் சின்னங்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய ஆரம்பகாலக் கட்டுரைகளில் ஒன்று, 1823இல் வெளியான பாபிங்டனின் மலபார்க் கட்டுரை. அதன் தலைப்பிலேயே பாண்டவர் குழி என்ற மக்கள் வழக்கு இருக்கிறது. அந்தக் கதைகள் ஒரு பெரிய நன்மை செய்தன. பயத்தாலும் மரியாதையாலும் யாரும் குழியைத் தோண்டவில்லை. சட்டம் வருவதற்கு முன்பு, பல நூற்றாண்டுகள், கல்வட்டங்களைக் காப்பாற்றியது பாட்டிமார் சொன்ன கதைதான்.

புதுச்சேரி வட்டாரத்துக் கல்லறைகளைத் தேடி ஆய்வாளர்கள் போனதற்கு அரிக்கமேடுதான் காரணம். கல்லூரிப் பேராசிரியராகப் புதுச்சேரிக்கு வந்து பல்லவர் கலையில் தோய்ந்துபோன கப்ரியேல் ழூவோ துப்ரேய், 1930களில் அந்த மேட்டின் பெருமையை உணர்ந்தார். ரோமப் பேரரசன் அகஸ்டஸின் உருவம் பொறித்ததாக அவர் கருதிய மணிக்கல் அங்கே கிடைத்தது. பின்னர் 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ரோம மது ஜாடியின் துண்டைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு ஓடி வந்தார். அடுத்த ஆண்டே, 1945இல், பிரெஞ்சு ஆட்சியின் இசைவோடு அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார்.

அந்த அகழாய்வு கல்லறைகளுக்கு என்ன செய்தது என்பதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். அரிக்கமேட்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பளபளப்பு மட்கலத் துண்டுகள் கிடைத்தன. கமுரி, இட்டா போன்ற பெயர்கள் முத்திரையாக அவற்றில் பதிந்திருந்தன. அந்தப் பட்டறைகள் எந்தக் காலத்தில் இயங்கின என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். எனவே அதே மண் அடுக்கில் கிடைத்த உள்நாட்டுப் பானைகளுக்கும், குறிப்பாக உருளைக் கோலம் போட்ட மெல்லிய ரௌலட்டட் தட்டுகளுக்கும், காலம் தெரிந்துவிட்டது. அதே தட்டுகளைத் தேடி வீலர் 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரிக்குப் போனார். அங்கே பெருங்கற்கால மக்களின் மண் அடுக்குக்கு மேலே அந்தத் தட்டுகள் இருந்தன. கல்லறைகளுக்கு முதன்முதலாக ஒரு காலக்கணக்கு இப்படித்தான் கிடைத்தது. அரெஸ்ஸோவிலிருந்து அரிக்கமேடு, அரிக்கமேட்டிலிருந்து பிரம்மகிரி. தென்னிந்தியாவின் கல்லறைகள் எல்லாவற்றுக்கும் வயது கணிக்கும் அளவுகோலைக் கொடுத்தது நம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரை. புதுச்சேரிப் பள்ளிப் பிள்ளைகள் இதைப் பெருமையோடு படிக்க வேண்டும்.

அந்த அளவுகோல் ரொம்பக் குறுகியது என்று பிற்காலம் காட்டியது. பிரம்மகிரிக் கல்லறைகளை வீலர் கி.மு. 200க்கும் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் வைத்தார். ரேடியோ கார்பன் முறையை வில்லார்ட் லிப்பி உலகுக்கு அறிவித்தது 1949இல்தான். அது பரவிய பிறகு தென்னிந்திய இரும்புக் காலம் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போனது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையில், தூத்துக்குடி மாவட்டச் சிவகளையின் ஈமத்தாழிகள் சார்ந்த காலக்கணிப்புகள் கி.மு. 3345 வரை செல்கின்றன. அதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் விவாதிப்பார்கள், விவாதிக்கட்டும். நமக்கு வேண்டிய பாடம் வேறு. வயதைச் சொன்னது பொன் அல்ல. தாழிக்குள் கிடந்த கரித்துண்டும், நெல்மணியும், உடைந்த ஓடும்தான்.

வீலருக்குப் பின் அரிக்கமேட்டுக்கு வந்தவர் ழான் மரி கசால். பிற்காலத்தில் ஆப்கானிஸ்தானின் முண்டிகாக்கிலும், சிந்துவின் ஆம்ரியிலும், பலுசிஸ்தானின் பிராக்கிலும் தோண்டிப் புகழ்பெற்ற அதே கசால்தான். 1947 முதல் 1950 வரை புதுச்சேரி வட்டாரத்தில் பருவம் பருவமாக அகழாய்வு செய்தார். துறைமுகத்தில் வாழ்ந்தவர்களின் வீட்டைத் தோண்டினால் போதாது, இந்த வட்டாரத்தின் ஈமக்காடுகளையும் தோண்ட வேண்டும் என்று நினைத்தார். அந்த யோசனைக்காக அவரைப் பாராட்ட வேண்டும். முத்திரைப்பாளையத்தையும் சுத்துக்கேணியையும் தேர்ந்தெடுத்தார்.

முத்திரைப்பாளையம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பொறியாளர் லமெரெஸ் அங்கிருந்துதான் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தார். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னம். நகரமே அந்த ஊரின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே ஊரின் மண்ணுக்கடியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தாழிகள் கிடந்திருக்கின்றன.

சுத்துக்கேணியில் பொன் கிடைத்தது. கசால் குழியைத் திறந்த அந்தக் காலத்தின் அரசியலையும் நினைத்துப் பாருங்கள். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை அடைந்துவிட்டது. புதுச்சேரி அடையவில்லை. பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டாகவும் இல்லை. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்த கிராமம் இந்தியா என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. கல்வட்டங்கள் இரண்டு பக்கமும் இருந்தன. பிரெஞ்சு மண்ணில் தோண்டி எடுத்த பொன் பிரான்சுக்குப் போனது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே 1956இல் ழான் மரி கசாலும் அவருடைய மனைவி ழெனெவியேவ் கசாலும் எழுதிய அகழாய்வு நூல் பாரிஸில் வெளிவந்தது. அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினம், முத்திரைப்பாளையம், சுத்துக்கேணி மூன்று பெயர்களும் அதன் தலைப்பில் இருக்கின்றன.

பொன் பாரிஸில் இருப்பதை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன். முறையாகத் தோண்டி, பதிவு செய்து, நூல் எழுதி, அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஊரார் கையில் கிடைத்திருந்தால் அடகுக் கடைக்குப் போய் உருகியிருக்கும். நம் நாட்டில் அப்படி உருகிப்போன புதையல்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்தப் பொன்னைச் செய்தவர்களின் வாரிசுகள் அதைக் கண்ணால் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தம்தான். குறைந்தபட்சம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த நகைகளின் நல்ல படங்களும், அளவுகளும், முடிந்தால் மாதிரி நகல்களும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒரு பேழையில் வைக்கப்பட வேண்டும். சில காலத்துக்கு மூல நகைகளையே கண்காட்சிக்குக் கேட்டு வாங்கவும் வேண்டும். பிரான்சோடு இவ்வளவு நெருக்கம் பாராட்டும் ஊர் நம்முடையது. கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கசால் நூலையும் தமிழில் தர வேண்டும். பிரெஞ்சும் தமிழும் ஒருசேர அறிந்தவர்களுக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்?

இவ்வளவு சொல்லியும், எனக்குப் பொன்னைப் பற்றிக் கவலை குறைவு. அது குளிரூட்டிய அறையில், கண்ணாடிக்குள், காவலோடு இருக்கிறது. கவலையெல்லாம் ஊரிலேயே தங்கிவிட்ட கல்லைப் பற்றித்தான்.

கல்வட்டத்துக்கு எதிரிகள் நிறைய. செம்மண் கிராவலுக்கு நல்ல விலை. மேட்டு நிலத்தை வெட்டி லாரியில் ஏற்றும்போது ஜேசிபி தாழியையும் சேர்த்து அள்ளிவிடும். வட்டக் கற்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கும் கிணற்றுச் சுவருக்கும் போகின்றன. மனைப்பிரிவு போடுகிறவர்கள் முதலில் நிலத்தைச் சமப்படுத்துகிறார்கள். சமப்படுத்திய அன்றோடு அந்த ஈமக்காட்டின் கதை முடிந்தது. மழை அரிப்பிலும் தாழிகள் வெளிப்பட்டு உடைகின்றன. பொன் தேடி இரவில் தோண்டுகிறவர்கள் வேறு. நூற்றுக்கணக்கான குழிகளில் பானையும் இரும்பும் எலும்பும்தான் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் குழி பாழ்.

சட்டம் இல்லாமல் இல்லை. தேசியப் பாதுகாப்புச் சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2010 திருத்தத்துக்குப் பிறகு சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டடத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டிய பகுதி. செங்கல்பட்டு வட்டாரத்தில் சானூர் போன்ற ஊர்களின் கல்வட்டங்களும் கற்குவைகளும் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருக்கின்றன. நம் அரிக்கமேடும் இருக்கிறது. ஆனால் ஒரு கோயிலைச் சுற்றி வேலி போடுவதும், ஏக்கர் கணக்கில் சிதறிக் கிடக்கும் ஈமக்காட்டைக் காப்பதும் ஒன்றல்ல. கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். முழங்கால் உயரக் கல் வட்டமாக நிற்பது, புல் வளர்ந்தால் பக்கத்தில் போனாலும் தெரியாது. நீலப் பலகை ஒன்றை நட்டுவிட்டால் மட்டும் அது காப்பாற்றப்பட்டதாகாது. சர்வே எண்ணோடு, எல்லை அளந்து, வருவாய்த் துறை ஆவணத்தில் ஏற வேண்டும். அப்போதுதான் பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே விற்பனை நிற்கும்.

இந்தப் பயணத்தைப் பார்த்தபின் எனக்குத் தோன்றும் தீர்ப்பு இதுதான். சுத்துக்கேணிக் கல்லறையில் மிக விலையுயர்ந்த பொருள் பொன் அல்ல, அந்தப் பொன் எந்த எலும்பருகே, எந்தப் பானைக்குப் பக்கத்தில், எந்தக் கல்லுக்கு அடியில் இருந்தது என்ற இடக்குறிப்புதான். அதைக் கசால் எழுதி வைத்தார். இன்னும் தோண்டாத குழிகளின் இடக்குறிப்பு மண்ணிலேதான் எழுதியிருக்கிறது. கல்லை அகற்றினால் அந்த எழுத்து போய்விடும். நகையைப் பாரிஸிலிருந்து திருப்பிக் கொண்டுவரலாம். புரட்டிப்போட்ட கல்வட்டத்தை எந்த அரசும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் பக்கத்து நிலக்காரர்களுக்கும், விழுப்புரம் மாவட்டத்து அக்கம்பக்கத்து ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேட்டு நிலத்தில் செம்புறாங்கற்கள் வட்டமாகப் பதிந்திருந்தால், ஏர் முனையில் தடித்த பானை விளிம்பு தட்டினால், வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்கள். கல்லைப் புரட்டாதீர்கள், தாழிக்குள் கையை விடாதீர்கள். இருக்கிற நிலையிலேயே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுத்தில் கொடுங்கள், அருங்காட்சியகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.